நெட்வொர்க் கார்டு மேல பழி போடாதீங்க!

லேப் எக்ஸாம் தொடங்க பத்து நிமிடம்தான் இருக்கு. கம்ப்யூட்டரை ஆன் பண்றீங்க, சர்வர் கிடைக்கவில்லை. கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினா போர்ட்டில் லைட் எரியுது, ஆனா ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பிக்குது. "கார்டு போச்சுடா" என்று பக்கத்து சீட்டிலிருந்து தீர்ப்பு வருது. போன செமஸ்டர்ல எங்க லேபில் இதே கதைதான். ரெண்டு கார்டு, நாலு கேபிள் மாத்தினோம். பழசு எல்லாமே நல்லாத்தான் இருந்தது!

அடுத்த முறை இதைச் செய்து பாருங்க. ஐபியைக் கையால் கொடுத்து, கேட்வேக்குத் தொடர்ந்து பிங் ஓட விடுங்க. கேபிளைச் சொருகிட்டு, மொபைலில் ஸ்டாப்வாட்சை ஆன் பண்ணுங்க. அப்புறம் எதையும் தொடாதீங்க. கிட்டத்தட்ட 30-வது விநாடியில் பதில் வர ஆரம்பித்தால், காரணம் பெரும்பாலும் கார்டு இல்லை, சுவிட்ச்.

அது ஏன் காத்திருக்குது? ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஒரு கணக்கு உண்டு, அது தீர்ந்ததும் பாக்கெட் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஆயுள் கணக்கே கிடையாது. இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே யாராவது தெரியாமல் இரண்டாவது கேபிளைப் போட்டால், ஒரே ஒரு பிராட்காஸ்ட் போதும், அது சுற்றிச் சுற்றிப் பெருகி மொத்த நெட்வொர்க்கையும் படுக்க வைத்துவிடும். இதைத் தடுக்கத்தான் 1985-ல் டிஇசி நிறுவனத்தில் வேலை பார்த்த ராடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீயை உருவாக்கினார். 1990-ல் அது 802.1டி தரமானது. அதன்படி, போர்ட்டில் லிங்க் வந்ததும் சுவிட்ச் உடனே கதவைத் திறக்காது. 15 விநாடி, அந்தப் பக்கம் வேறு சுவிட்ச் இருக்கிறதா என்று கவனிக்கும். இன்னொரு 15 விநாடி, மேக் முகவரிகளைக் கற்றுக்கொள்ளும். அதுவரை உங்க டேட்டா ஒன்றுகூட தாண்டாது, லைட் மட்டும் ஜோரா எரியும்.

இந்த நேரத்தில்தான் விண்டோஸ் டிஹெச்சிபியிடம் ஐபி கேட்குது. சில முறை கேட்டும் பதில் இல்லாததால், தானே ஒரு 169.254 முகவரியை எடுத்துக்கொண்டு, சில நிமிடத்துக்கு ஒருமுறைதான் மறுபடி கேட்கும். 30 விநாடி தாமதம் நிமிடக்கணக்காகத் தெரிவது இதனால்தான். அவசரத்துக்கு, 30 விநாடி கழித்து ஐபிகான்ஃபிக் /ரினியூ கொடுத்தால் போதும். பதற்றத்தில் கேபிளைப் பிடுங்கினா? கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து! நாங்க அன்னைக்குப் பண்ணின கூத்தே அதுதான்.

இன்னும் சந்தேகமா? பிசிக்கும் மேனேஜ்டு சுவிட்சுக்கும் நடுவில், சாதாரண அன்மேனேஜ்டு சுவிட்ச் ஒன்றைப் போட்டு, பிசியை ரீஸ்டார்ட் பண்ணுங்க. பெரிய சுவிட்ச் பக்கம் லிங்க் விழாததால் தாமதம் காணாமல் போகும்.

நிரந்தரத் தீர்வு, பிசி மாட்டும் போர்ட்டை எட்ஜ் போர்ட் ஆக்குவது. சிஸ்கோவில் இதன் பெயர் போர்ட்ஃபாஸ்ட். "2001-லேயே ரேபிட் ஸ்பானிங் ட்ரீ வந்தாச்சே, அது வேகமானதுதானே?" என்று கேட்பீங்க. அந்த வேகம் சுவிட்சும் சுவிட்சும் கைகுலுக்குவதால் வருவது. உங்க பிசிக்கு அந்தக் கைகுலுக்கல் தெரியாது. எட்ஜ் என்று சொல்லாத போர்ட்டில் அதே 30 விநாடி காத்திருக்க நேரலாம்.

ஆனா எல்லா போர்ட்டிலும் இதைப் போட்டுடாதீங்க, ப்ளீஸ். சுவிட்சுக்குப் போகும் போர்ட்டில் போட்டால், லூப் இருக்கிறதா என்று பார்க்காமலே கதவு திறந்துவிடும். எட்ஜ் போர்ட்டுகளில் பிபிடியூ கார்டையும் சேர்த்துப் போடணும் (இது நெட்வொர்க் கார்டு இல்லை, காவல் காக்கிற கார்டு!). அங்கே யாராவது சுவிட்சைக் கொண்டுவந்து மாட்டி, அதிலிருந்து ஸ்பானிங் ட்ரீ செய்தி வந்தால், போர்ட் தானே மூடிக்கொள்ளும்.

சுவிட்ச் பாஸ்வேர்டு நம்ம கையில் இருக்காது. லேப் அசிஸ்டன்ட் அண்ணாவிடம் "நெட் வரல" என்று சொல்லாம, "லிங்க் வந்து 30 விநாடி கழிச்சுதான் பிங் வருது, மூணு தடவை பார்த்தேன்" என்று சொல்லுங்க. எங்க அண்ணா அதைக் கேட்டதும் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். கான்ஃபிகரேஷனை சேவ் பண்ண மட்டும் மறந்துட்டார். அடுத்த பவர் கட்டோட 30 விநாடியும் திரும்பி வந்தாச்சு.