ஏரிக்குள் நிற்கும் காடு

ஏரிக்கு நடுவே மரங்கள் நிற்குமா, நேயர்களே? தேக்கடியில் நிற்கின்றன! வனத்துறை வழிகாட்டியோடு, கால்களில் அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை துணியுறை மாட்டிக்கொண்டு, கொஞ்ச தூரம் காட்டுக்குள் நடந்தால் பெரியாறு ஏரிக்கரை. தண்ணீருக்கு மேலே கரிய மொட்டைக் கட்டைகள் தெரியும். 1895-இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. நூறு வருஷத்துக்கு மேலாகியும் முழுசாக மக்கிவிடவில்லை! வைரம் பாய்ந்த மரம் அல்லவா? நீர்க்காகங்கள் அதன் உச்சியில் சிறகை விரித்து வெயில் காய்வதை ஆற அமரப் பார்க்கலாம். நம்ம தேனி, மதுரைப் பக்க வயல்களுக்கு வருவதும் இந்த ஏரித் தண்ணீர்தான். தேக்கடி போனால், படகுச் சவாரியோடு திரும்பிவிடாமல் இந்த நடைக்கும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள்.