கசகசா ரொட்டி தின்றவருக்கு ஜெயிலா?

"அபினும் தொடலைங்க, ஹெராயினும் தொடலைங்க. காலையில ஒரு ரொட்டிதான் தின்னேன்!"

அமெரிக்காவில் கோர்ட்டு கண்காணிப்பில் இருக்கும் ஆசாமி இப்படிச் சொன்னால் அதிகாரி சிரிப்பார். ஆனால் அது உண்மையாகவும் இருக்கலாம்.

அங்கே 'பேகல்' என்ற வளைய ரொட்டியில் கசகசா தூவி விற்கிறார்கள். கசகசாவும் அபினும் ஒரே செடியில் வருபவை. விதையில் ஒட்டிய மார்பின், தின்றவரின் சிறுநீரில் வந்துவிடும். 2023-ல் அமெரிக்க ராணுவத் துறையே சிப்பாய்களை கசகசா தின்ன வேண்டாம் என்று எச்சரித்தது. (துபாய்க்குப் பெட்டி கட்டுகிறவர்களிடம் 'கசகசா வேண்டாம்' என்று நம் ஊரில் சொல்வது சும்மா இல்லை.)

செருப்பு தைத்தவர்

குற்றவாளியை ஜெயிலுக்கு அனுப்பாமல் வெளியே விட்டுக் கண்காணிப்பதுதான் 'புரபேஷன்'. 1841-ல் பாஸ்டன் கோர்ட்டில் ஒரு குடிகாரரை ஜாமீனில் எடுத்துத் திருத்திய ஜான் அகஸ்டஸ் இதைத் தொடங்கி வைத்தார். அவர் செருப்பு தைக்கிறவர்.

இப்போது மத்திய கோர்ட்டு கண்காணிப்பில் வருகிறவருக்குப் பொதுவாக 15 நாளுக்குள் முதல் போதைச் சோதனை. பிறகு குறைந்தது இரண்டு. ஒரு வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் சிக்கினால் நீதிபதி கண்காணிப்பை ரத்து செய்தே ஆகவேண்டும். அப்புறம் ஜெயில்தான்!

"நான் இல்லை" என்று மறுத்தால், ஜெயிலுக்குப் போகும் நிலை இருந்தால், பெரிய கருவியில் மறுசோதனை உண்டு. அதுவும் "மார்பின் இருக்கு" என்றுதான் சொல்லும். பொய் இல்லையே! ஹெராயினுக்கென்று ஒரு தனி அடையாளம் உண்டு; அது சில மணி நேரத்தில் மறைந்துவிடும். பிறகு மார்பின் வந்தது ஊசியாலா, இருமல் மருந்தாலா, ரொட்டியாலா என்பது கருவிக்கு எப்படித் தெரியும்?

குமாஸ்தாவுக்கு போன்

அதே அமெரிக்காவில் மத்திய அரசு குமாஸ்தா சிக்கினால் கதை வேறு. 1988-ல் வந்த விதிப்படி, முடிவு முதலில் ஒரு டாக்டரிடம் போகும். அவர் போன் போட்டு, "என்ன மருந்து சாப்பிடுறீங்க? சீட்டு இருக்கா?" என்று கேட்பார். சீட்டு சரியாக இருந்தால் விஷயம் முடிந்தது. மார்பின் கொஞ்சமாக இருந்தால், ஊசித் தழும்பு போன்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பார். கசகசா தொல்லை தாங்காமல் 1998-ல் மில்லி லிட்டருக்கு 300 நானோகிராம் என்ற வரம்பையே 2,000 ஆக்கினார்கள்.

புரபேஷன் சட்டத்தில் கருவி இருக்கிறது. போன் போடும் டாக்டர் இல்லை. குமாஸ்தாவுக்குப் போவது வேலை. இவருக்குப் போவது வெளி உலகம்.

சில போதை கோர்ட்டுகள் சுலபமான வழி கண்டுவிட்டன. 'கசகசா தின்னக் கூடாது' என்று எழுதி, முதல் நாளே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.