வலிக்காத காது

"டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போறான் மேடம்." "கூப்பிட்டா திரும்பிப் பாக்கிறதே இல்லை." "கிளாஸ்ல கவனமே இல்லைன்னு மிஸ் சொல்றாங்க." செவித்திறன் சோதிக்கும் என் அறைக்குச் சின்னப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். காது வலி என்று யாரும் சொல்வதில்லை. நடுக்காதில் நீர் கோத்திருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் வலியும் இராது, காய்ச்சலும் இராது. அதனால்தான் அந்தப் பிள்ளைக்கு வைத்தியம் கிடைப்பதற்கு முன்னால் திட்டு கிடைத்துவிடுகிறது. எனக்கு ஆறாத வருத்தம் இது.

காது ஜவ்வுக்குப் பின்னாலுள்ள அறையில் காற்றுதான் இருக்க வேண்டும். மூக்கின் பின்பக்கத்திலிருந்து அங்கே போகும் யூஸ்டேஷியன் குழாய்தான் அந்தக் காற்றைக் கொண்டுபோகிறது. பிள்ளைகளுக்கு இது குட்டையாக, ஏறக்குறையப் படுக்கைவாட்டில் இருக்கும். சளி பிடித்தாலோ அடினாய்டு சதை வீங்கினாலோ சுலபமாக அடைத்துக்கொள்ளும். காற்று போகாத அறையில் நீர் ஊறும். நாளாக ஆகக் கோந்துபோல் கெட்டிப்படும். ஜவ்வு சரியாக அசையாது. பல பிள்ளைகளுக்குக் கேட்கும் திறன் 25, 30 டெசிபல் வரை குறைந்துவிடும். எதிரே நின்று உரக்கப் பேசினால் கேட்கும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் டீச்சரின் பாதிச் சொற்கள் போய்விடும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. சிறு ரப்பர் முனையைக் காதில் பொருத்திக் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்குவோம். ஜவ்வு நன்றாக அசைந்தால் திரையில் மலை உச்சிபோல ஒரு கோடு எழும். நீர் இருந்தால் கோடு தட்டையாகவே ஓடும். சில நொடிகளில் முடிந்துவிடும்.

கோடு தட்டையானதும் ஆபரேஷன் என்று பதற வேண்டாம். சளிக்குப் பிறகு தேங்கும் நீர் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றிவிடும். ஆன்டிபயாட்டிக்கோ சளி மருந்தோ இந்த நீரை வற்றவைக்கத் தேவையில்லை. காத்திருப்பது என்றால் மறந்துவிடுவது அல்ல. மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தே ஆக வேண்டும். அண்ணப்பிளவு, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள், பேச்சு தாமதமாகும் பிள்ளைகள் விஷயத்தில் மருத்துவர் அவ்வளவு நாள் பொறுக்காமலும் இருக்கலாம்.

இரண்டு காதிலும் நீர் வற்றாமல், கேட்பதும் குறைந்திருந்தால் குரோமெட் என்னும் சின்னக் குழாயை வைக்கச் சொல்வார்கள். "ஜவ்வுல ஓட்டை போடுறதா?" என்று தாய்மார்கள் நடுங்குவது நியாயம்தான். மயக்க மருந்து கொடுத்து, மைக்ரோஸ்கோப் வழியே பார்த்து, ஜவ்வின் கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறல் போடுவார்கள். கேட்பதற்கு வேண்டிய குட்டி எலும்புகள் அந்த இடத்தில் இல்லை. நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, கீறலில் அந்தச் சின்னஞ்சிறு குழாயைச் செருகுவார்கள். கால் மணி நேர வேலை. பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். இந்தக் குழாய் நீர் வடிவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இதன் முக்கிய வேலை, அடைபட்ட வழிக்குப் பதிலாக வெளிக்காற்றை உள்ளே விடுவது. அமெரிக்க மருத்துவர் பெவர்லி ஆர்ம்ஸ்ட்ராங் 1954இல் பிளாஸ்டிக் குழாயை வைத்துக் காட்டிய பிறகுதான் இந்தச் சிகிச்சை பரவியது.

பிறகு நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது எண்ணெய். குரோமெட் இருக்கும் காதில் நல்லெண்ணெயோ வேறெதுவுமோ ஊற்றவே கூடாது. தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போதும் காதுக்குள் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகக் குளிக்கலாம். குளத்தில் முங்கி நீந்துவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். காதில் சீழ் வந்தால் அவர் தரும் சொட்டு மருந்தே பெரும்பாலும் போதும்.

ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடத்துக்குள் குழாய் தானாகக் கழன்று, குறும்பியோடு வெளியே வந்துவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓட்டை மூடிக்கொள்ளும்; சிலருக்கு மூடாமல் நின்றால் பின்னால் அடைத்துக்கொள்ளலாம். சிலருக்கு நீர் மறுபடியும் சேரும். ஆகவே குழாய் விழுந்த பிறகும் ஒருமுறை செவித்திறனைச் சோதித்துவிடுங்கள். அதுவரை, பள்ளியில் அந்தப் பிள்ளையை முதல் பெஞ்சில் உட்காரவைக்கும்படி மிஸ்ஸிடம் சொல்லிவையுங்கள்.