எண்ணச் சுழற்சி நோய்

முன்னாளில் நம் கடலில் முத்துக்குளிப்போர், சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் ‘கடல்கட்டி’ இன்றி மூழ்கத் துணியார். அம்மந்திரத்தால் அச்சம் அடங்கிற்று, தொழிலும் நடந்தது. சடங்கே அச்சத்தை வளர்க்குமாயின், அஃது எண்ணச் சுழற்சி நோயாம்.

அமெரிக்கர் ஜான் கிரீன் 2017-இல் வெளியிட்ட ‘டர்ட்டில்ஸ் ஆல் தி வே டவுன்’ நாவலின் நாயகி ஏசா, 16 வயதினள். விரல் நுனியை நகத்தால் கீறுவாள், கிருமிக்கு அஞ்சித் துடைத்துக் கட்டுவாள், மீண்டும் பிரிப்பாள். ஆறுதல் கணப்பொழுதே, ஐயமோ முன்னிலும் வலுத்து மீளும். தாமும் இந்நோயுற்றவராதலின், ஆசிரியர் அவள் முற்றும் குணமுற்றதாகக் கதையை முடித்தாரல்லர்.

ஆயினும் வழியுண்டு. அஞ்சுவதை எதிர்கொள்ளச் செய்து, சடங்கைத் தடுத்து, அச்சம் தானே தணிவதை உணர்த்தும் முறையை விக்டர் மேயர் 1966-இல் விளக்கினார், மருந்துகளும் உள. மாணவ நண்பர்களே, ஓயாது கை கழுவும் தோழனை நகையாடாதீர். மருத்துவரிடம் உடன் செல்வீர்.