கையெழுத்துப் போட்ட பிறகும் பேசியவர்

2020 மே மாத இறுதியில் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸாரால் கொல்லப்பட்டார். அடுத்த சில நாள்களில் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கறுப்பின மக்களுக்கு ஆதரவாக அறிக்கை விட்டன. படங்களைத் தேடிச் சேமித்து வைக்க உதவும் பின்டரெஸ்ட் நிறுவனமும் தன் பங்குக்கு ஒன்று விட்டது. அந்த நிறுவனத்திலிருந்து சில நாள்களுக்கு முன்புதான் விலகியிருந்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அது பொறுக்கவில்லை. உள்ளே தனக்கு நேர்ந்ததை ஜூன் 15ஆம் தேதி ட்விட்டரில் எழுதினார். அவர் பெயர் இஃபியோமா ஓசோமா. அதே அலுவலகத்திலிருந்து அவருடன் விலகிய ஏரிகா ஷிமிசு பேங்க்ஸும் சேர்ந்து எழுதினார்.

உள்ளே நடந்ததை வெளியே சொல்ல மாட்டோம் என்று இருவருமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பேசினால் நிறுவனம் வழக்குப் போடலாம் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் பேசினார்கள்.

நைஜீரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு அலாஸ்காவில் பிறந்தவர் ஓசோமா. யேல் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்தார். கூகுள், ஃபேஸ்புக் இரண்டிலும் வேலை பார்த்துவிட்டு 2018இல் பின்டரெஸ்டுக்கு வந்தார். அவர் நிரல் எழுதுபவர் இல்லை. நிறுவனத்தின் பொதுக் கொள்கைப் பிரிவில் இருந்தார். தளத்தில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்ற சிக்கலான கேள்விகள் அந்த மேசைக்குத்தான் வரும்.

தடுப்பூசி பற்றித் தேடினால் புரளிகள் வந்து விழுந்த காலம் அது. 2019இல் பின்டரெஸ்ட் அதை நிறுத்தி, உலக சுகாதார நிறுவனம் போன்ற இடங்களிலிருந்து வரும் தகவலை மட்டும் காட்டத் தொடங்கியது. ஊரே பாராட்டிய அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் ஓசோமாவும் ஒருவர். இன்னொன்றும் செய்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த பழைய பண்ணை மாளிகைகள் இப்போது கல்யாண மண்டபங்களாக வாடகைக்குப் போகின்றன. அந்தப் படங்களைத் தளம் முன்னிறுத்தக் கூடாது என்று வாதாடி, 2019 டிசம்பரில் அதையும் சாதித்தார். அதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன? இரு பக்கத்து நன்மை தீமைகளையும் எடுத்து வைக்கவில்லை என்று மேலாளர் ஆண்டு மதிப்பீட்டில் குறை எழுதினார் என்கிறார் ஓசோமா. அடிமைப் பண்ணையில் நடக்கும் கல்யாணத்துக்கு என்ன நன்மை இருக்கும் என்று அந்த மேலாளர் எதிர்பார்த்தாரோ, தெரியவில்லை!

சம்பளத்திலும் தகராறு இருந்தது. தான் செய்யும் வேலைக்கு உரிய படிநிலையை விடக் கீழே தன்னை வைத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தார். தொழில்நுட்ப நிறுவனங்களில் படிநிலை ஒன்று இறங்கினால் மாதச் சம்பளத்தோடு போவதில்லை, பங்குகளின் எண்ணிக்கையும் குறையும். பின்டரெஸ்ட் 2019 ஏப்ரலில் பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனம் என்பதால் இழப்பு பெரியது. இதற்கிடையில் சக ஊழியர் ஒருவர் அவருடைய தொலைபேசி எண் உள்ளிட்ட சொந்த விவரங்களை வெளியே கசியவிட, மிரட்டல்கள் குவிந்தன. நிறுவனம் போதிய பாதுகாப்புத் தரவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. விசாரித்தோம், இருவரையும் நியாயமாகவே நடத்தினோம் என்பது நிறுவனம் முதலில் சொன்ன பதில்.

ஓசோமாவின் துணிச்சலைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். உண்மையில் அவரைக் காப்பாற்றியது, பேசுவதற்கு முன் அவர் செய்து வைத்திருந்த ஏற்பாடு. வழக்கறிஞர் வைத்தார். கலிஃபோர்னியா மாநில அரசின் வேலைவாய்ப்பு உரிமைத் துறையில் முறையாகப் புகார் கொடுத்தார். தன்னைப் போலவே அடிபட்ட பேங்க்ஸை உடன் வைத்துக்கொண்டார். ஒருவர் மட்டும் சொன்னால் ‘அவருக்கு ஏதோ கோபம்’ என்று தள்ளிவிடலாம். ஒரே குழுவிலிருந்து இருவர் சொன்னால் அது அவ்வளவு எளிதில்லை.

இருவருக்கும் கிடைத்த இழப்பீடு ஓராண்டுச் சம்பளத்துக்கும் குறைவு. அதே 2020 ஆகஸ்டில், பின்டரெஸ்டின் இரண்டாம் நிலைத் தலைவராக இருந்த பிரான்சுவாஸ் ப்ரோகர் என்ற வெள்ளையினப் பெண், தன்னைப் பாலினப் பாகுபாட்டால் நீக்கிவிட்டதாக வழக்குத் தொடுத்தார். டிசம்பரில் சமரசம் முடிந்தது. தொகை 2.25 கோடி டாலர். பதவி வேறு, வழக்கு வேறு என்பது சரிதான். இருந்தாலும், வாசலைத் திறந்துவிட்டவர்களுக்கும் பின்னால் வந்தவருக்கும் கிடைத்ததை அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இந்த இடத்தில் ஓசோமாவின் கண்ணில் ஓர் ஓட்டை பட்டது. 2019 முதல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் இருக்கிறது. பாலியல் தொல்லை, பாலினப் பாகுபாடு பற்றிய புகார்கள் சமரசத்தில் முடிந்தால், பாதிக்கப்பட்டவரின் வாயைக் கட்டும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் நிறம், இனம் சார்ந்த பாகுபாட்டைப் பற்றி அன்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அதாவது, ‘பெண் என்பதால் என்னை மட்டம் தட்டினார்கள்’ என்று அவர் சொன்னால் சட்டம் துணை நிற்கும். ‘கறுப்பினப் பெண் என்பதால்’ என்று சொன்னால் நிற்காது. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நாற்காலியில் நடந்தவை.

மாநில செனட்டர் கோனி லேவா 2021 தொடக்கத்தில் இதற்கென்று ஒரு மசோதா கொண்டுவந்தார். ஓசோமா தான் தொடங்கிய எர்த்ஸீட் என்ற ஆலோசனை நிறுவனத்தின் பெயரில் அதற்கு ஆதரவாளராக நின்று, தன் கதையையே சாட்சியாக வைத்தார். அதே ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி ஆளுநர் காவின் நியூசம் கையெழுத்திட, 2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. இனம், மதம், வயது, உடல் ஊனம் என எந்த அடிப்படையில் பாகுபாடு நடந்தாலும் அதைப் பேசும் உரிமையை இனி பணம் கொடுத்து வாங்க முடியாது. எவ்வளவு தொகை கைமாறியது என்பதை ரகசியமாக வைக்கலாம். தொழில் ரகசியங்களையும் காக்கலாம். வேலையை விட்டு அனுப்பும்போது நீட்டும் ஒப்பந்தத்துக்கு இன்னொரு விதியும் உண்டு. வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று ஊழியரிடம் சொல்லி, குறைந்தது 5 வேலை நாள் அவகாசம் தர வேண்டும். என் பார்வையில் சட்டத்திலேயே மிகவும் பயனுள்ள வரி இதுதான். வேலை போன அதிர்ச்சியில், வீட்டுக் கடன் தவணை நினைவில் ஓட, எதிரே எச்.ஆர். அதிகாரி பேனாவுடன் உட்கார்ந்திருக்கும்போது யாரால் பொறுமையாகப் படிக்க முடியும்?

ஒரு மாநிலச் சட்டம் அந்த மாநில எல்லையோடு நின்றுவிடும். ஓசோமா அடுத்து முதலீட்டாளர்களோடு கைகோத்தார். ரகசிய ஒப்பந்தங்களால் நிறுவனத்துக்கு என்ன ஆபத்து என்று ஆய்வு செய்து சொல்லுங்கள் என ஆப்பிள் நிறுவனத்தின் பங்குதாரர்கள் 2022 மார்ச்சில் கொண்டுவந்த தீர்மானம், 50 சதவீதத்தை மயிரிழையில் தாண்டி வென்றது. அதே மாதம் வாஷிங்டன் மாநிலமும் இப்படி ஒரு சட்டம் இயற்றியது. அங்கே அதற்காக உழைத்தவர்கள் கூகுள், ஆப்பிள் நிறுவனங்களின் முன்னாள் ஊழியர்கள் இருவர். பின்டரெஸ்டும் மாறத்தான் வேண்டியிருந்தது. தன் பங்குதாரர்களே போட்ட வழக்கை 2021 நவம்பரில் முடித்துக்கொண்டபோது, பாகுபாட்டைப் பற்றிப் பேச முன்னாள் ஊழியர்களுக்கு எந்த ஒப்பந்தமும் தடையாக இராது என்று ஒப்புக்கொண்டது.

மசோதா சட்டமான அதே வாரத்தில் ஓசோமா இன்னொரு வேலையும் முடித்தார். தொழில்நுட்ப ஊழியர்களுக்கான கையேடு ஒன்றை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். தன்னை யார் யாரோ தொடர்புகொண்டு ‘நானும் பேசட்டுமா’ என்று கேட்டதன் விளைவு அது. பேசுங்கள் என்று அது யாரையும் உசுப்பிவிடவில்லை. சட்டம் எங்கே உதவும், பத்திரிகையாளரிடம் எப்படிப் பேசுவது, கணினியிலும் வீட்டிலும் உங்களை எப்படிப் பாதுகாத்துக்கொள்வது என்று நிதானமாகச் சொல்கிறது. இந்தத் துறையில் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது, அலுவலக மடிக்கணினியிலோ அலுவலக மின்னஞ்சலிலோ இந்த ஏற்பாடு எதையும் செய்யாதீர்கள் என்பது. அந்தக் கருவி நிறுவனத்துக்குச் சொந்தம். அதில் நீங்கள் திறந்ததும் எடுத்ததும் பதிவாகும். என்ன நடந்தது என்பதைத் தேதி போட்டு அன்றன்றே சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்லது. நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளை அள்ளிக்கொண்டு வந்தால் புகார் கொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும்.

ஓசோமா செலவு குறைவான நியூ மெக்சிகோ மாநிலத்தின் சான்டா ஃபே நகருக்குக் குடிபெயர்ந்து, வீட்டில் கோழி வளர்த்தார். சான் ஃபிரான்சிஸ்கோ வாடகையைக் கேள்விப்பட்டவர்களுக்கு அந்த இடமாற்றத்தின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

அவர் உருவாக்க உதவிய சட்டம் கலிஃபோர்னியாவுக்கு மட்டும். தொழில்நுட்ப நிறுவனங்களின் சென்னை அலுவலகங்களில், ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அது பொருந்தாது. 5 நாள் அவகாசமும் தானாக வந்து சேராது. ஆகவே நீங்களே கேளுங்கள். விலகும் நாளில் உங்கள் முன் வைக்கப்படும் தாளை அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அவகாசம் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.