போட்ட பணம் இனி நம்முடையதல்ல

போக்கர் சீட்டாட்டத்தைப் பொருளியல் வெறும் பொழுதுபோக்காகக் கருதியதில்லை. ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னும் 1944-இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் அதற்கெனத் தனிப் பகுதியையே ஒதுக்கினர். முழுத் தகவலின்றிப் பணத்தைப் பணயம் வைக்கும் மனித இயல்பை அந்த ஆட்டம் தெளிவாகக் காட்டுகிறது.

'டெக்சாஸ் ஹோல்டம்' வகையில் ஒவ்வொருவருக்கும் இரு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் பொதுச் சீட்டுகள் மூன்று, ஒன்று, ஒன்று என மேசையில் விரிக்கப்படும். தொடக்கத்திலும் ஒவ்வொரு விரிப்புக்குப் பின்னரும் பந்தயம் உண்டு.

இருவரிடம் தலா ரூ.10,000 இருப்பதாகக் கொள்வோம். தொடக்கச் சுற்றில் ஆளுக்கு ரூ.300 மட்டுமே கட்டினால் நடுவில் ரூ.600 சேரும், கையிருப்பு அதைப்போல் பதினாறு மடங்கு. ஒருவர் உயர்த்த, மற்றவர் மேலும் உயர்த்த, ஆளுக்கு ரூ.2,200 கட்டிவிட்டால் நடுவில் ரூ.4,400, கையிருப்போ ரூ.7,800, அதாவது இரு மடங்குக்கும் குறைவு. நிதானமாக ஆராயும் அவகாசம் அப்போதே சுருங்கிவிடுகிறது.

மூன்று சீட்டுகள் விரிந்தபின் ஆளுக்கு மேலும் ரூ.1,500. நான்காம் சீட்டு விழுந்ததும் எதிராளி மீதமுள்ள ரூ.6,300 முழுவதையும் வைக்கிறார். நாமும் ஈடுகொடுத்தால் மொத்தம் ரூ.20,000. எனவே, வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 31.5-க்கு மேல் இருந்தால்தான் தொடர்வது லாபம்.

நமக்கு ஒரே சின்னத்தில் நான்கு சீட்டுகள் சேர்ந்துள்ளன; ஐந்தாவது வந்தால்தான் வெற்றி என்க. நாம் காணாத 46 சீட்டுகளில் நமக்கு உதவுபவை ஒன்பதே; வாய்ப்பு நூற்றுக்கு இருபதுகூட இல்லை. தொடர்ந்தால் சராசரியாக ஏறத்தாழ ரூ.2,400 இழப்போம். விலகுவதே அறிவுடைமை.

ஆயினும் பலர் விலகுவதில்லை. 'ஏற்கெனவே ரூ.3,700 போட்டுவிட்டேனே' என்பதே அவர்கள் கூறும் காரணம். பொருளியல் இதனை மூழ்கிய செலவு என்கிறது. நடுவில் குவிந்த பணத்தைக் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும். ஆனால், வென்றால் கிடைக்கும் பரிசாக மட்டுமே, நாம் இழந்த பணமாக அல்ல. அதே பணத்தை இழப்பாக எண்ணும்போது கணக்கு அகன்று, மீட்கும் வெறி புகுந்துவிடுகிறது.

போக்கரும் ரம்மியும் திறன் சார்ந்த ஆட்டங்களே எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் கூறியது. பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்கள் திறன் சார்ந்தவையாயினும் கூடாது என நாடாளுமன்றம் 2025-இல் சட்டம் இயற்றியது. திறன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அதன் பெரும்பகுதி ஆட்டத்தைவிட்டு உரிய நேரத்தில் எழுவதில்தான் அடங்கியுள்ளது. இழப்பின் பதற்றத்தில் முதலில் நம்மைக் கைவிடுவதும் அந்தத் திறனே. இணையவழி ஆட்டங்களால் கடனில் மூழ்கிய குடும்பங்களுக்கு இந்த உண்மையை விளக்கத் தேவையில்லை.