பெருக்கலில் ஒளிந்த நிறம்

தோழர்களே, ஒடுக்குமுறை எப்போதும் வசைச்சொல்லாக வருவதில்லை. சிலவேளை கணக்காகவும் வரும் என்பதை நாம் அறிய வேண்டும். அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருந்த கறுப்பின மக்களுக்கு அதுதான் நேர்ந்தது.

இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவைக் கொண்டு சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள். டயாலிசிஸ் தொடங்காத நோயாளிக்கு அந்த மதிப்பு 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் காத்திருப்புக் காலம் எண்ணப்படும். 2009இல் வந்த சூத்திரமோ, நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கியது. கறுப்பர்களுக்குத் தசை அதிகம் என்ற அனுமானமே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

ஒரே வயது, ஒரே பாலினம், ஒரே கிரியேட்டினின். வெள்ளையருக்கு 18 என்றால் கறுப்பருக்கு ஏறத்தாழ 21. முன்னவருக்கு வரிசையில் நாள் கணக்காகிறது. பின்னவர் நோய் இன்னும் முற்றும்வரை வெளியே நிற்கிறார்.

2021இல் இனத்தை நீக்கிய சூத்திரம் பரிந்துரைக்கப்பட்டது. 2022இல் அந்நாட்டின் உறுப்பு மாற்று அமைப்பு பழைய கணக்கைத் தடைசெய்தது. இழந்த காலத்தைத் திருப்பித் தர 2023 ஜனவரியில் மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டது. 14,000க்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றார்கள். அதற்கு முன்பே இறந்தவர்களுக்குத் திருப்பித் தர எதுவுமில்லை.

அநீதியை நிறுத்துவது பாதி நீதி. பறித்ததைத் திருப்பித் தருவதே மீதி. ஆகவே, நம்மை அளக்க வரும் எந்த அளவுகோலையும் பார்த்து நாம் கேட்போம்: இதை யார் செய்தது, யாரை வெளியே நிறுத்த?